படுத்துப் பார்த்தவள்

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள் ரோகிணி சிஸ்டர். சொர்ணம் ஒரு பக்கம், சிஸ்டர் ஒரு பக்கம் என்று ஜம்புலிங்கத்தின் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தார்கள். கால்மாட்டுக்குச் சரிந்து கிடந்த மனிதர் தலைமாட்டுக்கு வந்து சேர்ந்தார். சேர்ந்த அதே நொடியில் சொர்ணத்தின் இடுப்பில் சுருக்கென்று ஒன்று பிடித்து, வலது தொடை வழியாகக் கணுக்கால் வரைக்கும் ஓடியது. அவள் மூச்சு விடவில்லை. தலையணையைத் தட்டிச் சரி செய்கிறவள் போலக் குனிந்தபடியே நின்றாள். நிமிர்ந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

ஜம்புலிங்கம் "அம்மா" என்று முனகினார். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; நல்ல ஆகிருதி. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் புத்தி பழையபடியேதான். சாப்பிடுவதற்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்துவிடுவார். சரிந்தவரை மேலே இழுக்க வேண்டும். இழுக்கிற ஒவ்வொரு தடவையும் மெத்தையில் உரசி உரசி, முதுகுக்குக் கீழே தோல் சிவந்து கிடந்தது. இப்படியே போனால் அது படுக்கைப் புண்ணாகிவிடும். இடது தோளோ, அக்குளில் கை வைத்தாலே நெருப்பாக எரிந்தது. இப்படி இழுக்கக் கூடாது என்று ரோகிணிக்கு நன்றாகத் தெரியும். நோயாளியை நகர்த்த ஏதாவது வாங்கிக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"என்ன சொர்ணம், குனிஞ்சே நிக்கிற?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். தலகாணி உறை கயண்டுகினு கீது."

இடுப்பு வலி என்று அந்த முதியோர் இல்லத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அப்படி ஒரு சட்டத்தை எவரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் எல்லா ஆயாக்களுக்கும் தெரியும். ஆராயி என்று ஒருத்தி இருந்தாள். போன வருடம், "இடுப்பு புட்ச்சிக்கிச்சு சார்" என்று மேனேஜர் வரதனிடம் போய்ச் சொன்னாள். வரதன் கெட்டவர் இல்லை; ரொம்பப் பரிவாகத்தான் பேசினார். "வூட்ல போய் நல்லா ரெஸ்ட் எடும்மா, சரியானதும் நாங்களே கூப்புடுறோம்" என்றார். அந்த அழைப்பு இன்று வரைக்கும் வரவில்லை. ஆராயியின் இடத்துக்கு அடுத்த வாரமே வேறொருத்தி வந்துவிட்டாள்.

திருவிடந்தையைத் தாண்டி மாமல்லபுரம் போகிற சாலையில் இருந்தது அந்த இல்லம். ஒரு காலத்தில் ரிசார்ட்டாக இருந்து, ஓடாமல் படுத்து, இப்போது படுத்துக் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடமாகிவிட்டது. நீச்சல் குளத்தை மண் போட்டு மூடி நந்தியாவட்டை வைத்திருந்தார்கள். ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள் அப்பா அம்மாவை இங்கே விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சொர்ணம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரி. கூடையில் மீன் சுமந்து விற்றுக்கொண்டிருந்தவள், இங்கே ஆயாவாகச் சேர்ந்தாள். புருஷன் அடுத்தவர் ஃபைபர் படகில் பங்குக்குப் போகிறான். கடல் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மகள் பவானி செங்கல்பட்டில் கல்லூரியில் படிக்கிறாள். அந்த வீட்டில் மாதம் தவறாமல் வருவது சொர்ணத்தின் சம்பளம் ஒன்றுதான். இந்த வேலை போனால் மறுபடி மீன் கூடையைத் தூக்க வேண்டும். தூக்க இந்த இடுப்பு விடாது. ஆகவே புருஷனின் பழைய வேட்டியைக் கிழித்து இடுப்பில் இறுக்கிச் சுற்றி, அதற்கு மேல் யூனிஃபார்ம் புடவையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக வேலை பார்த்து வந்தாள்.

அன்று காலையில்தான், இயக்கிக் காட்டி விற்க ஒரு மெஷினோடு கம்பெனி வேன் வந்தது. ஓட்டி வந்தவன் இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட, கம்பெனி ஆள் ரஞ்சித்குமார் மெஷினைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தான். மெஷின் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வெள்ளைச் சட்டம், நான்கு சக்கரம், மேலே கொக்கி, கையில் பிடித்து அமுக்க ரிமோட். நோயாளியை ஒரு தொட்டில் துணியில் சுற்றிக் கொக்கியில் மாட்டி ரிமோட்டை அமுக்கினால், ஆளை அப்படியே தூக்கிவிடுமாம்.

"ரெண்டு பேர் மூச்சு முட்ட தூக்குற ஆளை, ஒரே ஸ்டாஃப் சிங்கிளா ஹேண்டில் பண்ணலாம் சார்" என்றான் ரஞ்சித்குமார்.

வரதனின் முகம் மலர்ந்துவிட்டது. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "சண்டே வர்ற ஃபேமிலிங்க பாக்கணும்பா. ரிசப்ஷன்லயே நிறுத்தி வெச்சா போதும், அவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தாமலே, "அப்போ ஷிஃப்டுக்கு ஒரு ஆயா போதும்னு சொல்லு" என்றார்.

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த சொர்ணத்தின் கை அப்படியே நின்றது. ஷிஃப்டுக்கு இரண்டு ஆயாக்கள்; இன்னொருத்தி அன்று லீவு. இரண்டு பேரில் ஒருத்தி போதும் என்றால், போகப் போகிறவள் இடுப்பு போனவளாகத்தான் இருப்பாள்.

ரோகிணி, "சார், நான் கேட்டது இது மட்டும் இல்ல. ஸ்லைடு ஷீட்டும் கொண்டு வரச் சொல்லியிருந்தேன்" என்றாள்.

"இருக்கு மேடம்" என்று ரஞ்சித்குமார் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். மழுமழுவென்று வழுக்குகிற, மெல்லிசான நைலான் துணி. அதை இரண்டு மடிப்பாக நோயாளிக்கு அடியில் விரித்தால், துணி மேல் துணி வழுக்கி ஆள் நகர்ந்துவிடுவார். வரதன் அதை விரலால் நெருடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா இது, குடைத்துணியா? இதைக் காட்டினா எந்த ஃபேமிலி நம்பும்? மொதல்ல மெஷினைப் பாப்போம்."

பார்க்க ஒரு கட்டில் வேண்டும். ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை அதில் படுத்திருந்த பாட்டியம்மா இறந்துபோய், மெத்தையைக் கழுவிக் காயவைத்துப் போட்டிருந்தார்கள். மெஷினைக் கட்டிலுக்கு அருகில் தள்ளினால் அதன் கால்கள் உள்ளே போகவில்லை. பேம்பர்ஸ், பஞ்சு எல்லாம் வைக்க ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் இரும்புப் பெட்டி அடித்து வைத்திருந்தார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க வரதன் சொந்தமாகக் கண்டுபிடித்த ஏற்பாடு அது. இந்த ஒரு கட்டிலில் பெட்டியின் திருகு தளர்ந்து இருந்ததால் கழற்றிவிட்டார்கள்.

"மத்த கட்டிலுக்கெல்லாம்?" என்றாள் ரோகிணி.

"வெல்டரைக் கூப்ட்டு அறுத்துட்டா போவுது" என்றார் வரதன். மனம் விழுந்துவிட்ட பொருளுக்காக மனிதன் கட்டிலை அறுப்பான், வீட்டையே வேண்டுமானாலும் இடிப்பான்.

அடுத்தது, கட்டிலில் படுக்க ஒரு ஆள். இங்கேதான் சங்கடம் வந்தது. படுக்கையை யாராவது படுத்துப் பார்த்துத்தானே வாங்க வேண்டும்? ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில், அதுவும் ஆள் போய் ஒரு வாரம் ஆகாத கட்டிலில், உடம்புக்கு ஒன்றுமில்லாத மனிதர் எவர் போய்ப் படுப்பார்? வரதன் தன் பெண்ணுக்கு இந்த மாதம் நிச்சயதார்த்தம் என்றார். ரஞ்சித்குமார், தனக்குக் கல்யாணம் ஆகி இன்னும் தலை தீபாவளிகூட வரவில்லை என்றான். டீ குடிக்கப் போன டிரைவர் விஷயம் தெரிந்தோ தெரியாமலோ திரும்பி வரவே இல்லை. ரோகிணி சிஸ்டர் நல்லவள்தான், படித்தவள்தான். அவளும் அந்த மெத்தையைப் பார்த்துவிட்டு ஒரு கணம் தயங்கினாள். அந்தக் கணம் போதுமாக இருந்தது.

"சொர்ணம், நீ படும்மா" என்றார் வரதன். "தெனம் நீ தொடுற கட்டில்தானே."

தொடுகிற கட்டில்தான். அந்தப் பாட்டியம்மாவின் உடம்பைத் துடைத்துப் புடவை மாற்றி அனுப்பியதும் அவள்தான். அதற்காக அவளுக்கு மட்டும் வீடு வாசல், தாலி, பிள்ளை இல்லாமல் போய்விட்டதா? சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்தைக் காட்டுகிற இடத்தில் அவள் இல்லை. தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டாள். குப்பத்துக் கங்கையம்மனை மனசுக்குள் கும்பிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள்.

படுத்ததும் உலகமே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஃபேன் இறக்கையில் ஒட்டடை தெரிந்தது. மூன்று முகங்கள் மேலே இருந்து குனிந்து பார்த்தன. அந்த முகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன, அவளோடு பேசவில்லை. "பேஷண்ட் கொஞ்சம் ஹெவிதான்" என்றான் ரஞ்சித்குமார். எவளையோ சொல்கிறான் என்று ஒரு கணம் நினைத்தாள். சொல்லாமல் கொள்ளாமல் அவளை ஒரு பக்கமாகப் புரட்டினான், துணியைச் செருகினான், மறு பக்கம் புரட்டினான். அவளுக்குத் திக்கென்றது. இப்படித்தானே தானும் எத்தனை பேரைப் புரட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"ரெடி சார்." ரிமோட்டை அமுக்கினான்.

மெஷின் ரீங்காரம் போட்டுக்கொண்டு மேலே போனது. தொடைக்கு அடியில் இருந்த பட்டை முழங்காலை நெஞ்சுக்குத் தூக்க, உடம்பு இடுப்பில் மடிந்தது. அந்த மடிப்பில்தான் அவளுடைய வலி குடியிருந்தது. உயிர் போகிற மாதிரி ஒரு பிடி. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கத்த வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்த சத்தத்தை அப்படியே விழுங்கினாள். கத்தினால் ஏன் கத்தினாய் என்பார்கள். ஏன் என்று சொன்னால் ஆராயி போன வழிதான்.

"பாருங்க சார், எவ்ளோ கம்ஃபர்ட்டபிளா இருக்காங்க" என்றான் ரஞ்சித்குமார்.

வரதன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா சொர்ணம், எப்டி கீது?"

சொர்ணம் சிரித்தாள். அந்தரத்தில் மடங்கித் தொங்கிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தாள்.

"நல்லாக்கீது சார்."

ரோகிணி மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொர்ணத்தின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. ஃபேன் ஓடுகிற அறையில், சும்மா தொங்குகிறவளுக்கு என்ன வியர்வை? சிஸ்டர் வாயைத் திறக்கப் போனாள். சொர்ணம் கண்ணாலேயே வேண்டாம் என்று கெஞ்சினாள். சிஸ்டர் வாயை மூடிக்கொண்டாள்.

இறக்கிவிட்டதும் சொர்ணம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் வரதனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மெஷினை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா? "நம்ம ஜம்புலிங்கம் சாரை ஒரு தடவை தூக்கிப் பாத்துடுவோம். ஒரு போட்டோ எடுத்து அவர் பையனுக்கு அனுப்புனா சந்தோஷப்படுவாரு" என்று போனை எடுத்தார்.

"சார், அவர் தோள் சரியில்ல" என்றாள் ரோகிணி. "அந்தத் தொட்டில் துணி தோளை ரெண்டு பக்கமும் உள்ளாற அழுத்தும். அவர் அளவுக்கு வேற சைஸ் வேணும்."

"ஒரே நிமிஷம்மா. சொர்ணத்துக்கு ஒண்ணும் ஆவலயே?"

மெஷினை ஜம்புலிங்கத்தின் கட்டிலுக்குத் தள்ளினார்கள். பெட்டி இடித்தது. ரஞ்சித்குமார் திருப்புளியை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டான். ஜம்புலிங்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். பார்க்கப் பார்க்க அவர் மூச்சு வேகமாகியது. உடம்பு மறுபடி கால்மாட்டுக்குச் சரிந்திருந்தது. நல்ல கையால் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். மேனேஜரை அவர் எதுவும் கேட்கவில்லை. சிஸ்டரையும் கேட்கவில்லை. சுவரோரம் நின்றிருந்த சொர்ணத்தைத் தேடிப் பிடித்தது அவர் பார்வை.

"சொர்ணம்" என்றார். நாக்கு குழறியது. "நீ படுத்துப் பாத்தியே. வலிக்குமா?"

அறையில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லும்மா, சாருக்குத் தைரியம் சொல்லு" என்றார் வரதன்.

வலிக்காது ஐயா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை இருக்கும். பவானி படிப்பு நடக்கும். இடுப்பு எத்தனை நாள் தாங்குமோ அத்தனை நாள் ஓட்டலாம். சொல்வதற்கு வாயையும் திறந்துவிட்டாள். ஆனால் அந்த மனிதர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அறையில் அதில் தொங்கிவிட்டு வந்தவள் அவள் ஒருத்திதான்; அவருக்கு வேறு யாரைக் கேட்கத் தெரியும்? பொய் சொன்னால் நம்பிவிடுவார். நம்பிக் கம்பியை விட்டுவிடுவார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"வலிக்கும் ஐயா" என்றாள். "எனக்கு உசுரே போயிட்ச்சு."

வரதன் போனைக் கீழே இறக்கினார். "என்னம்மா ஒளர்ற? சிரிச்சிக்கினுதானே இருந்த?"

"நீங்க பாத்துகினு இருந்தீங்க சார். அதான் சிரிச்சேன்."

ரஞ்சித்குமார் தரையிலிருந்து துள்ளி எழுந்தான். "சார், இந்த மெஷின்ல வலிக்க சான்ஸே இல்ல. இவங்களுக்கு ஆல்ரெடி பேக் ப்ராப்ளம் இருந்திருக்கும். அது மெஷின் ஃபால்ட் ஆகுமா?" அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சரியாகத்தான் கண்டுபிடித்தான். அந்தச் சரிதான் சொர்ணத்தின் தலையில் இடியாக விழுந்தது.

"இடுப்பு வலியா?" என்றார் வரதன். "எவ்ளோ நாளா?"

"தீவாளிலேர்ந்து சார்."

"மறைச்சிக்கினா பேஷண்டைத் தூக்கிக்கினு இருந்த? கையை விட்டுக் கீழ போட்டிருந்தா யாரு பதில் சொல்றது?"

கேள்வி நியாயமானது. சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். வரதன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு அவர் குரல் கனிந்தது. அந்தக் கனிவைக் கேட்டதுமே அவளுக்கு ஆராயி ஞாபகம் வந்தது.

"சரி, வூட்ல போய் நல்லா ரெஸ்ட் எடும்மா..."

"சார்" என்று ரோகிணி குறுக்கே புகுந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. "அந்தக் கட்டில்ல நான் படுத்திருக்கணும். படுக்கல. அது என் தப்பு. மெஷினையும் நான் குறை சொல்லல. கட்டில்லேர்ந்து வீல்சேருக்கு மாத்த அது நல்லதுதான். ஆனா இங்க விடிஞ்சா அடைஞ்சா மேல இழுக்கிறதும் திருப்பிப் போடுறதும்தான் வேலை. ஒவ்வொரு தடவையும் பெட்டியைக் கழட்டி, ஆளை மாட்டி, தூக்கி எறக்க யாரால முடியும்? ஒரு வாரத்துல மெஷின் ரிசப்ஷன்லதான் நிக்கும், இவங்க மறுபடி அக்குளைப் பிடிச்சுத்தான் இழுப்பாங்க. இப்பவே பாருங்க, ஐயா சரிஞ்சு கெடக்கிறாரு. எப்படியும் மேல கொண்டு போவணும். நீங்க திட்டுறதை அப்புறம் திட்டுங்க."

பொட்டலத்தைப் பிரித்து அந்தக் குடைத்துணியை உதறினாள். "சொர்ணம், அந்தப் பக்கம் வா."

"இடுப்பு வலிக்காரம்மா வேணாம்மா" என்றார் வரதன்.

"அப்போ நீங்க யாரு வர்றீங்க?"

யாரும் வரவில்லை. சொர்ணமே போனாள்.

கட்டிலைச் சமமாக இறக்கி, கைப்பிடியைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார்கள். தலைமாட்டுக் கம்பியில் ஒரு தலையணையைச் சாய்த்து வைத்தாள் ரோகிணி. சொர்ணம் குனிந்து, "ஐயா, உங்களை அந்தாண்ட திருப்பப் போறேன். தோளைத் தொட மாட்டேன்" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டுத் திருப்புவது அவளுக்கு அன்றுதான் முதல் தடவை. துணியைத் தோளிலிருந்து தொடை வரைக்கும் இரண்டு மடிப்பாக அடியில் விட்டார்கள். கம்பியைப் பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்து நெஞ்சில் வைத்தார்கள். அந்தக் கை உடனே சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டது. ஜம்புலிங்கம் கண்ணை இறுக மூடினார். தாடை இறுகியது. இழுக்கப் போகிறார்கள், எரியப் போகிறது என்று அந்த முகம் முழுக்க எழுதியிருந்தது.

சொர்ணம் பழக்கப்படி காலை அகட்டி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு இப்போதே மிரண்டது. இன்னொரு பிடி பிடித்தால் இந்த அறையிலேயே விழுந்துவிடுவோம், விழுந்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே துணியை இறுகப் பற்றினாள்.

"இழுக்காத" என்று ரோகிணி அடிக்குரலில் சொன்னாள். "பலமா இழுத்தா தலை போய் இடிச்சிடும். மேல் துணியைப் பிடிச்சிக்க. இந்தக் கால்லேர்ந்து அந்தக் காலுக்கு உன் வெயிட்டை மாத்து, அவ்ளோதான்."

அவ்வளவுதான் செய்தாள். துணி வழுக்கியது. ஒரு சத்தம் இல்லை, ஓர் உரசல் இல்லை. அத்தனை பெரிய உடம்பு அலுங்காமல் குலுங்காமல் நகர்ந்து, தலையணைக்குப் பக்கத்தில் போய் நின்றது. சொர்ணம் அடுத்த மூச்சை விடவே பயந்து காத்திருந்தாள். சுருக்கென்று எதுவும் வரவில்லை. பழைய வலி இருந்த இடத்தில் இருந்தது. அதற்கு மேல் ஒரு பொட்டு கூடவில்லை.

வரதன் கட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்போ வலிச்சுதா?"

"வலிக்கல சார்."

"முன்னயும் இப்டித்தான் சொன்ன" என்றார் வரதன். "அப்பவும் நல்லாக்கீதுன்னுதான் சொன்ன. ஒன்ன நான் எப்டிம்மா நம்புறது?"

சொர்ணம் இத்தனை மாதமாகப் பொய்யாகச் சொல்லி வந்த அதே வார்த்தை, இன்று உண்மையாகச் சொல்லும்போது செல்லாமல் போய்விட்டது. அவள் முகத்தைப் பார்த்து இனி எவரும் எதையும் நம்பப் போவதில்லை. அவளுக்கு வேலை போய்விட்டது என்றே தோன்றியது. ரோகிணி துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. கண்ணைத் திறக்காமலே, சட்டையைக் கசக்கிய கையை விடாமலே, ஜம்புலிங்கம் குழறிக் குழறிச் சொன்னார்:

"இழுக்கிறதுன்னா சீக்கிரம் இழுங்கம்மா. எவ்ளோ நேரம் பல்லைக் கடிச்சிக்கிட்டே கெடக்கிறது?"

ரஞ்சித்குமார் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"இழுத்தாச்சு ஐயா" என்றாள் சொர்ணம்.

அவர் கண்ணைத் திறந்தார். காலுக்குக் கீழே வெறும் மெத்தை நீண்டு கிடப்பதைப் பார்த்தார். தலையைத் திருப்பி மேலே இருந்த தலையணையைப் பார்த்தார். "எப்போ?" என்றார். அவர் குரலில் சந்தேகம் இருந்தது. தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தார் போலும்.

வரதன் கட்டிலுக்கு அருகில் வந்தார். துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக நகர்த்திப் பார்த்தார். ஜம்புலிங்கத்தின் உடம்பு அந்த இரண்டு விரலுக்கு அசைந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை விட்டுவிட மனசில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"மெஷினை வேன்ல ஏத்திக்கப்பா" என்றார் கடைசியில். "இந்தத் துணிதான். ஒவ்வொரு பேஷண்டுக்கும் தனித்தனியா வேணும். மெஷினைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

பிறகு சொர்ணத்தின் பக்கம் திரும்பாமலே பேசினார். "நாளைக்கு செங்கல்பட்டு போய் டாக்டர்கிட்ட முதுகைக் காட்டிட்டு வாம்மா. நாளன்னிக்கு டூட்டிக்கு வந்துடு. ரெண்டு பேர் இல்லாம இந்தத் துணியையும் புடிக்க முடியாது போல கீது." அதோடு வெளியே போனவர் வாசலில் நின்று, "இனிமே இங்க யாரும் யாரையும் அக்குள்ல கை குடுத்துத் தூக்கக் கூடாது" என்று யாரையோ கோபித்துக்கொள்வது போலச் சொன்னார்.

சொர்ணத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தீபாவளியிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. தேம்பலில் உடம்பு குலுங்கக் குலுங்க இடுப்பு விண்விண் என்று தெறித்தது.

ஜம்புலிங்கம் பதறிப்போனார். நல்ல கையைச் சட்டையிலிருந்து எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"என்னம்மா, வலிக்குதா?"

வரதன் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். சொர்ணம் அவர் நிற்பதைப் பார்த்தாள்.

"ஆமா ஐயா, ரொம்ப வலிக்கிது" என்று வரதனின் காதில் விழும்படியே சத்தமாகச் சொல்லிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.